தெற்கு ஜெயிச்சிருந்தா கோயமுத்தூர்ல மில்லு வந்திருக்குமா?

சூலூர் தம்பி கேட்டது, ஜூன் 3

"அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, 1862 செப்டம்பர் ஆன்டீட்டம் சண்டையில தெற்கோட ஜெனரல் லீ ஜெயிச்சிருந்தா இங்கிலாந்து தெற்கு மாநிலங்களைத் தனி நாடா ஏத்துக்கிட்டிருக்கும். வட அமெரிக்கா ரெண்டா உடைஞ்சிருக்கும். அடிமைகளை வெச்சு வெளைய வெச்ச மலிவுப் பஞ்சு இங்கிலாந்துல மான்செஸ்டர் மில்லுங்களுக்குத் தடையில்லாம போயிருக்கும். அப்புறம் கோயமுத்தூருக்கு எதுக்கு மில்லு? நாமெல்லாம் இன்னும் கம்பும் ராகியும் வெதைச்சுட்டு இருந்திருப்போம். பெரியவங்க யாராச்சும் மறுத்துச் சொல்லுங்க பார்க்கலாம்."

ஜூன் 3, ராத்திரி

மறுக்கறேன். கோயமுத்தூர்ல மில்லு வந்ததுக்கும் ஜெனரல் லீக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் மில்லு 1888-ல ஸ்டேன்ஸ்ங்கற வெள்ளைக்காரர் ஆரம்பிச்சது. அப்போ அமெரிக்கா ஒரே நாடு. அங்கத்திப் பஞ்சு மான்செஸ்டருக்குக் கப்பல் கப்பலா போயிட்டிருந்த காலம். அப்படியிருந்தும் இங்கே மில்லு வந்துச்சா இல்லையா? அதுக்கப்புறம் ரொம்ப வருசம் விரல் விட்டு எண்ணற அளவுலதான் இருந்துச்சு. 1930-கள் தொடக்கத்துல நீலகிரியில இருந்து பைக்காரா நீர்மின் கரண்டு மலையிறங்கின பிறகுதான் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் மில்லுச் சங்கு ஊத ஆரம்பிச்சுது. கரண்டு, கிணத்துத் தோட்டத்துப் பருத்தி, அதை வித்துக் கையில காசு சேர்த்த குடியானவங்க, இதெல்லாம் ஒண்ணு சேர்ந்த கதை அது. லிங்கன் ஜெயிச்சாலும் தோத்தாலும் பைக்காரா தண்ணி கீழேதான் விழும்.

அதனால உங்க கடைசி வரி தள்ளுபடி. முதல் ரெண்டு வரியில விசயம் இருக்கு. நாளைக்கு.

ஜூன் 4

மேரிலாந்துல ஒரு வயக்காட்டுல வடக்குச் சிப்பாய்களுக்கு ஒரு உறை கிடைக்குது. உள்ளே மூணு சுருட்டு. சுருட்டைச் சுத்தியிருந்த காகிதம், லீயோட படை எந்தெந்தப் பக்கம் பிரிஞ்சு போகணும்னு எழுதின உத்தரவு. அது செப்டம்பர் 13. நாலு நாள் கழிச்சு ஆன்டீட்டம். ஒரே பகல்ல ரெண்டு பக்கமும் சேர்த்து செத்தவங்க, அடிபட்டவங்க, காணாமப் போனவங்க கிட்டத்தட்ட 23,000 பேர். லீ பின்வாங்கினார். அஞ்சே நாள்ல லிங்கன் அடிமை விடுதலைக்கு முன்னறிவிப்புக் கொடுத்தார். நடுவுல புகுந்து சமரசம் பேசலாமான்னு இங்கிலாந்து மந்திரிங்க பேசிட்டு இருந்தது அந்த வருசக் கடைசிக்குள்ள ஆறிப்போச்சு.

சுருட்டுக் கதை ருசியான கதைதான். அதனாலேயே எல்லாரும் அதைப் பிடிச்சுத் தொங்கறாங்க. தம்பி கண்ணுல படாதது இன்னொண்ணு: நியூ ஆர்லியன்ஸ் அந்த வருசம் ஏப்ரல்லயே வடக்குக் கைக்குப் போயிடுச்சு. தெற்கோட பெரிய பஞ்சுத் துறைமுகம் அது, மிசிசிப்பி ஆத்தோட வாய். லீ மேரிலாந்துல ஜெயிச்சு, வாஷிங்டன்காரங்க பயந்து சமாதானத்துக்கு வந்தாலும், நியூ ஆர்லியன்ஸை எப்படித் திருப்பி வாங்கறது? ஒஹாயோ, இல்லினாய்ஸ் பண்ணைக்காரன் தன் தானியம் இறங்கிப் போற ஆத்து வாயை அடுத்த நாட்டுக்கு எழுதிக் கொடுப்பானா? காவிரிக்கு நாம படற பாடு தெரியுமில்ல.

ஜூன் 6

"பஞ்சு இல்லாம இங்கிலாந்து எத்தனை நாள் தாங்கும்? அது வந்தே தீர்ந்திருக்கும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். தெற்கத்திக்காரங்களும் இதையேதான் நம்புனாங்க. 1858-ல தென் கரோலைனா செனட்டர் ஹாமண்ட், பஞ்சுதான் ராஜா, அதை எதிர்த்துப் போர் பண்ண உலகத்துல எவனுக்கும் துணிச்சல் கிடையாதுன்னு சபையிலயே பேசினார். போர் ஆரம்பிச்சதும் என்ன பண்ணுனாங்கன்னா, வடக்குக் கப்பல்கள் முற்றுகை போட்டு இறுக்கறதுக்கு முன்னாலேயே அவங்களா பஞ்சை அனுப்பாம பிடிச்சு வெச்சாங்க. தட்டுப்பாடு வந்தா லண்டன் காலடிக்கு வரும்னு கணக்கு. ஆனா அதுக்கு முந்தின ரெண்டு வருசமும் அமோக வெளைச்சல். இங்கிலாந்துல பஞ்சு இறங்கற லிவர்பூல் துறைமுகத்துக் கிட்டங்கி எல்லாம் ரொம்பி இருந்துச்சு. 1861-ல கடன் வாங்கவோ துப்பாக்கி வாங்கவோ வித்திருக்க வேண்டிய சரக்கு தெற்குத் துறைமுகங்கள்லயே தூங்குச்சு. அதுக்கு மேல இங்கிலாந்துல வெள்ளாமை சரியில்லாத வருசங்க வேற. வடக்கத்திக் கோதுமையும் அவங்களுக்கு வேணும்.

நான் மில்லுல பஞ்சுக் கொள்முதல்ல இருந்தவன். பதுக்கலோட ருசி எனக்குத் தெரியும். 2011 மார்ச்சுல நியூயார்க்ல பஞ்சு விலை பவுண்டுக்கு 2 டாலரைத் தாண்டினப்போ, இன்னும் ஏறும்னு முதலாளி வீட்டுல முடிவு பண்ணி குடோன் கூரை தொடற அளவுக்குப் பேல் அடுக்கினாங்க. ஜனவரியிலேயே திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டாச்சு, நூல் எடுக்க ஆளில்லை. வருசம் திரும்பறதுக்குள்ள பஞ்சு பாதி விலைக்கு வந்துச்சு. பேலுக்குள்ள இருக்கற பஞ்சு ஒரு குறையும் இல்லாம அப்படியேதான் இருந்துச்சு, பேங்க் வட்டிதான் ராத்திரி பகல் பார்க்காம வளர்ந்துச்சு. ஹாமண்ட் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடோன் ஞாபகம்தான்.

ஜூன் 6, கொஞ்சம் பொறுத்து

அப்போ விலை எவ்வளவு ஏறுச்சுன்னு கேட்டவருக்கு: லிவர்பூல்ல 1860-ல ஒரு பவுண்டு எடைக்கு ஆறேழு பென்ஸ். 1864-ல 27 பென்ஸுக்கு மேல. இங்கிலாந்து வாங்கின பஞ்சுல இந்தியப் பங்கு 1860-ல ஆறுல ஒண்ணு இருக்கும், 1862-ல முக்கால். ஆனா நம்ம ஊர்ப் பஞ்சு குட்டை நார். மான்செஸ்டர் மெஷின் எல்லாம் அமெரிக்க நாருக்கு அளவு வெச்சது. "ஆண்டவரே, பஞ்சு அனுப்பும், சூரத் பஞ்சு மட்டும் வேண்டாம்"னு, அதாவது இந்தியப் பஞ்சு வேண்டாம்னு, அங்கே தொழிலாளிங்க ஜெபம் பண்ணினதா ஒரு கதை உண்டு.

நம்பாதவங்க கையாலேயே பார்க்கலாம். ஒரு சிட்டிகை பஞ்சை ரெண்டு கையிலயும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சு இழுங்க. பிரிஞ்ச பாதியை மத்த பாதி மேல வெச்சு மறுபடி இழுங்க. இப்படியே இழுத்து இழுத்து வெச்சா நார் எல்லாம் ஒரே திசையில படிஞ்சு, ஓரம் வெட்டினாப்பல நிக்கும். கறுப்புத் துணி மேல போட்டா நீளம் பளிச்சுனு தெரியும். நம்ம நாட்டுப் பருத்தி கருங்கண்ணியை ஒரு துணியில, அமெரிக்க நாரைப் பக்கத்துல இன்னொரு துணியில வெச்சுப் பாருங்க, மான்செஸ்டர் பக்கத்து லங்காஷயர்க்காரன் ஏன் அழுதான்னு புரியும்.

ஜூன் 9

சரி, தம்பி வழிக்கே வர்றேன். சுருட்டு கிடைக்கலை, லீ ஜெயிச்சார், 1863-ல சமாதானம்னு வெச்சுக்குவோம். வரைபடம் எப்படி இருக்கும்?

மேற்கு வடக்கோட போயிருக்கும். இதுல எனக்குச் சந்தேகமே இல்லை. தெற்கு உறுப்பினருங்க காங்கிரசை விட்டு எழுந்து போன பிறகு, 1862-ல அந்த மூணு சட்டமும் வந்தாச்சு: குடியேறி உழுதா 160 ஏக்கர், பசிபிக் வரைக்கும் ரயில், விவசாயக் கல்லூரிக்கு அரசு நிலம். தெற்கத்திக்காரங்க இருந்த வரைக்கும் இதையெல்லாம் முட்டுக்கட்டை போட்டு வெச்சிருந்தாங்க. அவங்க தனியா போனா வடக்குக்கு இன்னும் வசதி. 1869-ல ரயில் சேர்ந்தது அப்போவும் சேர்ந்திருக்கும். தெற்குக்காரங்க நியூ மெக்சிகோ வழியா மேற்கே போகப் பார்த்ததும் 1862 மார்ச்சுல குளோரியட்டா கணவாய்ல முறிஞ்சு போச்சு. ஆக பசிபிக் கடலை அவங்க கண்ணாலயும் பார்த்திருக்க மாட்டாங்க.

மெக்சிகோ நிலைமை வேற. 1863 ஜூன்ல பிரெஞ்சுப் படை மெக்சிகோ நகரத்துல, அடுத்த வருசம் ஆஸ்திரிய இளவரசன் மாக்ஸிமிலியன் அங்கே சக்கரவர்த்தி. உள்நாட்டுப் போர் முடிஞ்சு கை ஓஞ்ச வடக்கு முறைச்சதும்தான் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியன் III படையைத் திருப்பிக் கூப்பிட்டான். 1867-ல மாக்ஸிமிலியனைச் சுட்டுட்டாங்க. நடுவுல தெற்கு ஒரு நாடா நின்னிருந்தா பிரெஞ்சுக்காரனுக்கு அது நல்ல வேலி. ஆனா மெக்சிகோ ஜனாதிபதி ஹுவாரெஸ் வடக்குத் துணை வர்றதுக்கு முன்னாலயே விடாம சண்டை போட்ட ஆள். மாக்ஸிமிலியனுக்குக் கூட அஞ்சாறு வருசம் ஆயுசு கிடைச்சிருக்கும், அவ்வளவுதான்னு நான் நினைக்கறேன்.

கனடா 1867-ல ஒண்ணு சேர்ந்ததுக்கு ஒரு காரணமே தெற்கே இருந்த பெரிய படையைக் கண்ட பயம். வடக்கு தோத்திருந்தா அந்த பயம் குறைஞ்சிருக்குமா, இல்லை, இழந்ததுக்கு ஈடா வடக்கே கை நீட்டுவான்னு இன்னும் கூடியிருக்குமா? ரெண்டாவதுதான்னு எனக்குத் தோணுது.

இப்போ முக்கியமான எடம், வடக்குக்கும் தெற்குக்கும் நடுவுல ஓடற ஒஹாயோ ஆறு. போருக்கு முன்னால ஓடிப்போற அடிமை கனடா வரைக்கும் போனாத்தான் தப்பிச்சான். 1850 சட்டப்படி வடக்கு மாநிலத்துல பிடிபட்டாலும் பிடிச்சுத் திருப்பிக் கொடுக்கணும். தனி நாடு ஆயிட்டா அந்தச் சட்டம் குப்பையில. ஆத்தைத் தாண்டினா விடுதலை. அந்தப் பக்கம் கிட்டத்தட்ட 40 லட்சம் அடிமைங்க. எல்லை முழுக்க எத்தனை குதிரைப்படை வெச்சாலும் காவல் காக்க முடியுமா? வரி போடறதுக்கே மாநிலங்க முரண்டு பிடிக்கற நாடு அது, படைச் செலவுக்கு எங்கே போகும்? போர்ல ஜெயிச்ச தெற்கு எல்லையில கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் சிந்தியே வத்திப் போயிருக்கும்.

ஜூன் 9, இன்னும் ராத்திரி

ஹிட்லர் வந்திருப்பாரா, அணுகுண்டு யாருகிட்ட இருந்திருக்கும்னெல்லாம் கேட்கறவங்களுக்கு: ஒரு ஆணியைப் பிடுங்கினா இருபது வருசம் வரைக்கும் யோசிக்கலாம். அதுக்கு மேல போறதா இருந்தா பஞ்சாங்கத்தைக் கையில எடுத்துக்கங்க. நான் வரலை.

ஜூன் 10

"அடிமை முறை எப்படியும் தானா ஒழிஞ்சிருக்கும், லாபம் இல்லாத தொழில்"னு ஒரு அண்ணா எழுதியிருக்காருங்க. இல்லைங்கண்ணா. 1860-ல அடிமை விலை ஏறுமுகம். அமெரிக்காவுல ரயில்லயும் ஆலையிலயும் போட்ட மொத்த முதலைவிட அடிமைகள் மேல எழுதி வெச்ச மதிப்பு அதிகம். அந்தச் "சொத்தை" அடமானம் வெச்சுத்தான் நிலம் வாங்கறதே. விலை ஏறிட்டு இருக்கற சொத்தை, அதுவும் கடனுக்கு ஈடா நிக்கற சொத்தை, எவன் விடுவான்? தெற்கோட அரசியல் சட்டத்துல, அடிமைச் சொத்துரிமையைக் குறைக்கற சட்டமே போடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருந்தாங்க. கியூபாவுல 1886, பிரேசில்ல 1888. இவங்க அதுக்கும் பிந்தித்தான் விட்டிருப்பாங்க. 1890-கள்ல மெக்சிகோவுல இருந்து காய்க்கூன்வண்டு டெக்சாஸுக்குள்ள வந்து பருத்தியைத் தின்ன ஆரம்பிச்சுதே, ஒருவேளை அதுதான் சமாதானம் பேசியிருக்கும்.

ஜூன் 13

இழை எங்கேயோ போகுது. "அமெரிக்காவை விடுங்க, திப்பு ஜெயிச்சிருந்தா?"ன்னு சத்தி பக்கத்து நண்பர் கேட்கறார். நியாயமான கேள்வி, நம்ம மண்ணுல நடந்த போர். 1790-ல கஜலஹட்டி கணவாய் வழியா இறங்கி சத்தியமங்கலத்துல மோதினது, 1791-ல கோயமுத்தூர்க் கோட்டையை முற்றுகை போட்டுத் திரும்பப் பிடிச்சது எல்லாம் திப்பு பக்கம்தான். ஆனா 1792 ஒப்பந்தத்துல பாதி ராஜ்ஜியம் போச்சு, சேலமும் பாராமகாலும் (கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. கோயமுத்தூர் 1799-ல. 1805-ல சங்ககிரியில சின்னமலையைத் தூக்குல போட்டாங்க.

தனி இழையா போட வேண்டியது. ஒண்ணே ஒண்ணு மட்டும் இங்கே சொல்லிக்கறேன், பின்னால தேவைப்படும். பாராமகால் கைக்கு வந்ததும் கம்பெனி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் அங்கே உட்கார்ந்து காடு காடா அளந்து வரி போட்டாங்க. நடுவுல ஜமீன் இல்லாம குடியானவன் பேர்லயே பட்டா, அவனே சர்க்காருக்குத் தீர்வை கட்டணும். ரயத்துவாரி அங்கேதான் முளைச்சுது. இங்கே உழுதவனுக்கு நிலம் இருந்துச்சுன்னு பெருமையா பேசறோம். உழுதவன்னா யாருன்னு பிறகு வர்றேன்.

ஜூன் 15

நம்ம ஊருக்கும் மிசிசிப்பிக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைக்காதீங்க. போருக்கு இருபது வருசம் முன்னாலேயே அமெரிக்கப் பருத்திப் பண்ணைக்காரங்க கோயமுத்தூருக்கு வந்தாச்சு! 1840-ல கம்பெனி அவங்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிட்டு வந்துச்சு. 1842-ல இருந்து தாவரவியல் டாக்டர் ராபர்ட் வைட் மேற்பார்வையில கோயமுத்தூர்ல பரிசோதனைப் பண்ணைங்க. அமெரிக்க விதை, விதை பிரிக்கற ரம்பப் பல்லு ஜின்னு, எல்லாம் கொண்டு வந்தாங்க. பத்துப் பன்னெண்டு வருசம் முட்டிப் பார்த்தாங்க. குடியானவங்க மத்தியில அது ஊனவே இல்லை. வைட் 1853-ல ஊருக்குப் போயிட்டார்.

ஏன் தோத்துச்சு? மழை, மண்ணு, விதைன்னு பல காரணம் சொல்லுவாங்க, எல்லாமே உண்மைதான். ஆனா நம்மாளு கண்ணுல இருந்து பாருங்க. கிணத்துத் தண்ணிக்கு மாடு பூட்டிக் கவலை இறைச்சு வெள்ளாமை பண்றவன், அந்தத் தோட்டத்துல ராகியும் சோளமும் புகையிலையும் போடுவானா, இல்லை, விலை நிச்சயம் இல்லாத சீமைப் பருத்தியைப் போடுவானா? கருங்கண்ணியும் உப்பமும் மானாவாரிக் காட்டுல சும்மா வரும். முதல்ல வயித்துக்கு, மிச்சம் இருந்தாத்தான் சந்தைக்கு. அடிமையை வெச்சு ஓட்டற பண்ணையில இந்தக் கேள்வியே எழாது. சாட்டை வெச்சிருக்கறவன் போடச் சொன்னதைத்தான் போடணும்.

அப்புறம் 1900-களோட முதல் பத்து வருசத்துல கம்போடியாப் பருத்தி வந்து நம்ம தோட்டக்காலைப் பிடிச்சுதே, அதுவும் அமெரிக்க இனம்தான். அப்போ விலை இருந்துச்சு, வாங்க ஆளும் இருந்துச்சு.

ஜூன் 19

இன்னைக்குத் தேதியைப் பார்த்தேன். 1865-ல இதே ஜூன் 19 அன்னைக்குத்தான் டெக்சாஸ் கால்வெஸ்டன்ல ஜெனரல் கிரேஞ்சர் "அடிமைகள் எல்லாரும் விடுதலை"ன்னு உத்தரவு போட்டார். லிங்கன் அறிவிச்சு ரெண்டரை வருசம் கழிச்சு! 2021-ல இருந்து அங்கே அரசு விடுமுறை.

ரெண்டு வாரமா யார் ஜெயிச்சிருந்தான்னு பேசிட்டு இருக்கோம். இந்தப் போர் வேற மாதிரி முடியறதுக்கு வடக்கு தோக்கணும்னு அவசியமே இல்லைங்க. வடக்கு ஜெயிச்சு, அந்த வெற்றி வேற மாதிரி முடிஞ்சிருந்தா?

1865 ஜனவரியில ஜெனரல் ஷெர்மன் ஒரு உத்தரவு போட்டார். தென் கரோலைனா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா கடலோரத்துல எஜமானருங்க விட்டு ஓடின நிலத்தைப் பிரிச்சு, விடுதலையான குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரைக்கும் கொடுக்கணும்னு. சுமார் 40,000 பேர் குடியேறி உழவும் ஆரம்பிச்சாச்சு. ஏப்ரல்ல லிங்கனைச் சுட்டாங்க. பின்னால வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருசம் முடியறதுக்குள்ள பழைய எஜமானருங்களுக்கே நிலத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

அப்புறம் என்ன? பங்கு வாரத்துக்கு உழவு. பாதி வெளைச்சல் நிலக்காரனுக்கு. விதை, கோவேறு கழுதை, மாவு, துணி எல்லாம் கடைக்காரன்கிட்ட கடன், ஈடு வரப்போற பருத்தி. கடைக்காரன் பருத்தி போட்டாத்தான் கடன் கொடுப்பான். வருசக் கடைசியில கணக்குப் பார்த்தா பாக்கி. அடுத்த வருசமும் அங்கேயே. இப்படித்தான் 1880 வாக்கில அமெரிக்கப் பஞ்சு வெளைச்சல் போருக்கு முந்தின அளவையே தாண்டிப் போச்சு. அடிமையே இல்லாம!

இப்போ அந்த 40 ஏக்கர் நிலைச்சிருந்தா? தெற்கு முழுக்க அப்படிக் கொடுத்திருந்தா? தன் நிலத்துல நிக்கறவன் முதல்ல சோளம் போடுவான், பன்னி வளர்ப்பான், மிச்ச எடத்துலதான் பருத்தி. வைட் பண்ணையை நம்ம குடியானவன் எப்படிப் பார்த்தானோ அதே கணக்கு. ஹைட்டியில அடிமைங்க ஜெயிச்ச பிறகு பெரிய கரும்புத் தோட்டங்க உடைஞ்சு சின்னச் சின்னக் காடா ஆனதும் இதனாலதான். அமெரிக்கப் பஞ்சு பழைய அளவுக்குத் திரும்பியே வந்திருக்காது. லிவர்பூல் விலை கீழே இறங்கியிருக்காது. சூலூர்த் தம்பி, கோயமுத்தூருக்கு ஏதாச்சும் நடந்திருக்கும்னா இங்கேதான்! சென்னையில இருந்து போத்தனூர் வழியா பேப்பூர் போற ரயில் 1862-லயே ரெடி. நல்ல விலையும் ரயிலும் சேர்ந்தா நம்மாளு கம்போடியாவுக்கு நாப்பது வருசம் காத்திருந்திருப்பானா? கிணத்தை ஆழப்படுத்தி நீள நாரைப் போட்டிருப்பான்.

அங்கத்தி வரைபடமும் மாறியிருக்கும், நாட்டுக் கோடு அல்ல, ஊருங்க. நிலம் இருந்தா ஓட்டுப் போடறவனை மிரட்டறது அவ்வளவு லேசில்லை. 1877-ல வடக்குப் படை தெற்கை விட்டுப் போனதும் எல்லாம் கவுந்த மாதிரி கவுந்திருக்காது. 1910-களுக்கு அப்புறம் லட்சக்கணக்கான கறுப்பு மக்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயிலேறினதுல பாதிப்பேர் ஊர்லயே இருந்திருப்பாங்க. லீ ஜெயிக்கறதைவிட இது பெரிய மாத்தம்னுதான் நான் சொல்லுவேன்.

ஜூன் 20

நேத்து எழுதினதுக்கு நிறைய கைதட்டு. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரலை, "நம்மாளு"ன்னு யாரைச் சொன்னேன்னு.

எங்க அப்பாரு (தாத்தா) காலத்துல தோட்டத்துல கவலை ஓட்டினவர் ஒரு பண்ணையாள், அருந்ததியர். மாடு வாரியில இறங்கும்போது வடத்து மேல உட்கார்ந்துக்குவார், சால் மேல வந்து தண்ணி கொட்டினதும் எந்திரிச்சு மாட்டைப் பின்னால தள்ளுவார். விடியக் கருக்கல்ல இருந்து வெயில் ஏறற வரைக்கும் இதே. அப்பாருவோட சிட்டை நோட்டு இன்னும் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. அவர் பேருக்கு ஒரு பக்கம். கம்பு இத்தனை வள்ளம், செருப்புக்குத் தோல், கல்யாணத்துக்கு வாங்கின ரொக்கம். கழிச்சது, நின்னது. நின்னது மட்டும் குறையவே இல்லை. சில பக்கம் தள்ளினா அதே பாக்கி அவர் மகன் பேர்ல. கையெழுத்து மட்டும் என் பெரியப்பாவோடது.

1843-லயே கம்பெனி சட்டம் போட்டாச்சு, அடிமைங்கற உரிமையைக் கோர்ட்டு ஏத்துக்காதுன்னு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976. நடுவுல நூத்திச் சொச்சம் வருசம். மன்றோ கொடுத்த பட்டா தீர்வை கட்டினவன் பேர்ல, வடத்து மேல உட்கார்ந்தவர் பேர்ல இல்லை. ஆக, 1870-ல பஞ்சு விலை ஏறியிருந்தா கொங்குல யாரு கிணறு ஆழமாகியிருக்கும்? எங்க அப்பாருவுக்கு அப்பாரு கிணறு. பண்ணையாளுக்கு இறைக்கற நேரம் கூடியிருக்கும். கைத்தறிக்காரனுக்கு நூல் விலை ஏறித் தறி நின்னிருக்கும், 1862-64-ல நின்ன மாதிரியே. நேத்து எழுதினதோட இதையும் சேர்த்துப் படிங்க.

ஜூன் 21

"பழசைக் கிளறி எதுக்குங்க சங்கடம்"னு ஒரு மாமா எழுதியிருக்கார். மாமா, மிசிசிப்பிக்காரன் கணக்கு நோட்டை ரெண்டு வாரமா கிளறினோம், யாருக்கும் சங்கடமா இல்லையே.

ஜூன் 24

தம்பி கேள்வியில மாறும்னு சொன்ன கண்டம் வட அமெரிக்கா. எனக்கென்னமோ ஆப்பிரிக்காதான் அதிகமா மாறியிருக்கும்னு படுது.

பஞ்சு விலை உச்சிக்குப் போனது 1863, 64-ல. எகிப்துல இஸ்மாயில் பட்டத்துக்கு வந்தது 1863 ஜனவரி. நைல் ஓரமெல்லாம் பருத்தி. அந்தக் காசு இப்படியே வந்துட்டே இருக்கும்னு நம்பி ரயில், கால்வாய், அரண்மனைன்னு ஐரோப்பாவுல கடன் மேல கடன். 1865-ல போர் முடிஞ்சுது, விலை சரிஞ்சுது, கடன் மட்டும் நின்னுச்சு. 1875-ல சூயஸ் பங்கை இங்கிலாந்துக்கு வித்தார், 1876-ல கடன் தவணை கட்ட முடியாம கை விரிச்சார், 1882-ல இங்கிலீஷ் படை உள்ளே. பம்பாய்ல அதே 1865-ல பங்குச் சந்தை கவுந்து, கடலைத் தூர்க்கறேன்னு ஆரம்பிச்ச கம்பெனி காகிதமெல்லாம் பொட்டலம் மடிக்கத்தான் ஆச்சு. பம்பாயோட பெரிய பஞ்சு, பங்கு வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்தே அந்தச் சரிவுல மாட்டினார்.

தம்பி சொன்னபடி லீ ஜெயிச்சு 1863-லயே சமாதானம் ஆகியிருந்தா, விலை உச்சிக்கே போயிருக்காது. இஸ்மாயிலுக்கு அவ்வளவு கடன் எவன் கொடுப்பான்? என்னோட 40 ஏக்கர்க் கதைப்படி விலை இறங்காமலே இருந்தா, கடனைக் கட்டியே முடிச்சிருப்பார். ரெண்டு வழியிலயும் 1882-ல இங்கிலீஷ்காரன் கெய்ரோவுக்குள்ள நுழைய அந்தச் சாக்கு இல்லை. வேற சாக்கு தேடியிருப்பான்னு சொல்றவங்க சொல்லலாம், கால்வாய் இருக்கே. ஆனா மேரிலாந்துக் காட்டுல கிடந்த மூணு சுருட்டு எகிப்து வரைக்கும் புகைஞ்சிருக்குங்கறது எனக்குப் பிடிச்சிருக்கு.

ஜூலை 2

தோத்த தெற்கத்திக்காரங்க வேற எங்காச்சும் போய் அதே பண்ணையத்தைத் தொடர்ந்தாங்களான்னு சூலூர் தம்பி கேட்கறார். போனாங்க தம்பி. சில ஆயிரம் பேர் பிரேசிலுக்கு. அங்கத்தி ராஜா ரெண்டாம் பேத்ருவே கூப்பிட்டார், அடிமை முறையும் அப்போ அங்கே சட்டப்படி இருந்துச்சு. சாவோ பாவ்லோ பக்கம் சாண்டா பார்பரா, அமெரிக்கானா ஊர்கள்ல குடியேறிப் பருத்தி போட்டாங்க. அமெரிக்கானா பிறகு நம்ம சோமனூர் மாதிரி துணி ஊராவே ஆயிடுச்சு. ஆனா 2023-24 பருவத்துல பஞ்சு ஏற்றுமதியில பிரேசில் அமெரிக்காவையே முந்தினதுக்கு இவங்களைக் காரணம் காட்டாதீங்க. அது மாட்டோ குரோசோ மேட்டுநிலத்துல, மெஷின் வெச்சு எடுக்கற பருத்தி. வேற ஊர், வேற ஆளுங்க.

திப்பு இழையை யாராச்சும் ஆரம்பிங்க. கஜலஹட்டிப் பாதையில நடந்தே ஏறினேன்னு சொன்ன சத்தி நண்பர் முதல்ல எழுதட்டும். எழுதும்போது தீர்வைக் கணக்கு கையில இருந்தா அதையும் போடுங்க.